புதுப்பிப்பு: டிகம்கர் கழிப்பறைகள், நான் கேட்காமல் விட்ட கேள்வி

மத்தியப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதியில், டிகம்கர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். தூய்மை இந்தியா திட்டத்தில் 12,000 ரூபாய் மானியத்தில் கட்டிய கழிப்பறைகளில் விறகும் வறட்டியும் அடுக்கியிருக்கிறார்கள், விழிப்புணர்வு போதவில்லை என்று. "தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டீர்களா?" எனப் பலர் கேட்டீர்கள். கேட்கவில்லை. தப்புதான்.

சென்ற வாரம் திரும்பப் போனேன். விறகு அடுக்கியிருந்த வீட்டு அம்மா பேச்சே வளர்க்காமல் ஒரு குடத்தை என் கையில் கொடுத்து அடிபம்புக்குக் கூட்டிப்போனார். வரிசையில் நின்று திரும்ப முக்கால் மணி நேரம். "ஒருத்தர் போய் வந்தாலே அரைக் குடம் காலி, பையா. தினமும் நீங்கள் சுமப்பீர்களா?" என்றார். (நான் சுமந்ததில் பாதி வழியிலேயே தளும்பிவிட்டது, அது வேறு கதை.)

கிராமத்து வீடுகளுக்குக் குழாயில் குடிநீர் தர 2019-இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வர வேண்டும். குழாய் நிற்கிறது, வெயில் காலத்தில் காற்றுதான் வருகிறது. பழைய சந்தேல மன்னர்கள் காலத்து ஏரி பக்கத்திலேயே மண்மேடிட்டுக் கிடக்கிறது.

அப்புறம், கழிப்பறையை ஒழுங்காகப் பயன்படுத்தும் மூன்று வீடுகளையும் பார்த்தேன். மூன்றிலும் சொந்த ஆழ்துளைக் கிணறு. பழைய பதிவில் 'விழிப்புணர்வு' வரியை அழிக்கவில்லை, மேலே கோடு மட்டும் போட்டிருக்கிறேன்.