சிங்கப்பூரில் வயதானவர்களுக்கு பென்ஷனே கிடையாதா?

புதுவரவு: இங்கே வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் சாப்பிடும் உணவங்காடியில் ஒரு தாத்தா மேசை துடைக்கிறார், எழுபதுக்குக் குறையாது. ஊரில் எங்கள் ஆச்சிக்கு மாதாமாதம் முதியோர் உதவித்தொகை வருகிறது, மருந்துக்குக்கூடப் பத்தாது, ஆனாலும் வருகிறது. இவ்வளவு பணம் புழங்கும் நாட்டில் வயதானவர்களுக்கு அரசாங்கம் என்னதான் செய்கிறது?

யீஷூன்வாசி: எல்லாருக்கும் பென்ஷன் என்று கிடையாது தம்பி. மசேநிதான், அதாவது மத்திய சேமநிதி. 55 வயது வரை சம்பளத்தில் 20 விழுக்காடு நாம் போடுகிறோம், முதலாளி 17 விழுக்காடு போடுகிறார், அதிலிருந்து 65க்கு மேல் மாதாமாதம் சாகிற வரைக்கும் வரும். சிக்கல் என்னவென்றால் போட்டதுதான் வரும். காலம் முழுக்கக் குறைந்த சம்பளம் வாங்கியவருக்கும், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்களுக்கும் அதில் என்ன இருக்கும்? அவர்களுக்காகத்தான் 2016இல் சில்வர் சப்போர்ட் கொண்டுவந்தார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம், விண்ணப்பிக்கவே வேண்டாம்.

காப்பி_ஓ: ஓய்வு வயதுக்கு முன் வயதைக் காரணம் காட்டி வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. 2022இல் ஓய்வு வயதை 63 ஆக்கினார்கள், தகுதி இருந்தால் 68 வரை மறுவேலை தரவேண்டும். 2026 ஜூலையிலிருந்து அது 64, 69. என் அப்பாவுக்கு 67, ஒரு காண்டோவில், அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில், செக்யூரிட்டி. கேட்டால் "வீட்டில் உட்கார்ந்தால் கால் மடங்கிப்போகும்" என்பார். அது பாதி உண்மை. மீதிப் பாதி காசு, அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், நானும் கேட்பதில்லை.

தேக்கா_மருமகள்: பணத்தை மட்டும் பார்க்காதீர்கள். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு முதியோர் வீட்டைப் பாதுகாப்பாக மாற்றித்தரும் அரசாங்கத்தின் ஈஸ் திட்டத்தில் எழுதிப்போட்டோம், கைப்பிடிக் கம்பி மாட்டி, தரை வழுக்காமலிருக்க ஏதோ பூசிவிட்டுப் போனார்கள். மூவறை வீவக வீடு (அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டியது), குடிமக்கள், அதனால் செலவில் 95 விழுக்காடு அரசாங்கத்துடையது. சாலையைக் கடக்கும்போது சிக்னல் கம்பத்தில் முதியோர் சலுகை அட்டையைத் தட்டினால், நடப்பவர்களுக்கான பச்சை மனிதன் விளக்கு கூடுதலாகச் சில விநாடி எரியும். அவர் தட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் நின்று, இன்னும் பச்சை எரிகிறதா என்று திரும்பிப் பார்ப்பார், அதில் அப்படி ஒரு பெருமை! கேர்ஷீல்டு என்கிற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி மேல்தான் எனக்குக் கோபம். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது மாதிரி ஆறு காரியத்தில் மூன்று முடியாமல் போனால்தான் பணம். இரண்டு முடியாவிட்டால்? வீட்டில் ஒருத்தி வேலையை விடவேண்டியதுதான்.

புதுவரவு: நன்றி அக்கா, அண்ணன்களே. இன்று தாத்தாவிடமே கேட்கலாம் என்று போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. சரி, தட்டையாவது ஒழுங்காக வைப்போம் என்று வைத்தால் அது ஹலால் உணவுத் தட்டுகளுக்கென்று தனியாக இருக்கும் அடுக்கு. தலையில் அடித்துக்கொண்டு அவரே எடுத்து மாற்றி வைத்தார்.