[கலைச்சொல்] வெல்ஸ் பேராலயத்து வளைவுக்கு என்ன பெயர்?

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயம் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. 'ஸ்ட்ரெய்னர் ஆர்ச்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'சிசர் ஆர்ச்' என்றும் சொல்கிறார்கள்.

1313-இல் நடுக்கோபுரத்தை உயர்த்தத் தொடங்கியிருக்கிறார்கள். அதன்மேல் ஈயம் வேய்ந்த மரக்கூம்பு வேறு. பாரத்தில் அடித்தளம் இறங்கி விரிசல் விட்டது. 1338 முதல் 1348 வரை தலைமைக் கொத்தர் வில்லியம் ஜாய், கோபுரத் தூண்களுக்கு நடுவே மூன்று பக்கம் இந்த வளைவுகளைக் கட்டினார். கீழே ஒரு கூர்வளைவு, அதன் தலைமேல் கவிழ்த்து வைத்தாற்போல் இன்னொன்று, இரு பக்கமும் கண்போல வட்டத் துளை. 'தாங்கு வளைவு' சரிவருமா?

*

> தாங்கு வளைவு

எந்த வளைவுதான் தாங்காது, தம்பி? இதன் வேலை சுமப்பதல்ல, தூண்கள் உள்பக்கம் சாயாமல் தடுப்பது. ஆழக் குழி தோண்டும்போது மண் சரியாமல் இருக்கக் குறுக்கே சவுக்குக்கட்டையை இறுக்கிச் செருகுவார்கள். கொத்தனாரைக் கேட்டால் முட்டு என்பார். 'இடைமுட்டு வளைவு' என்று போடுங்கள்.

*

முட்டு என்றால் மாடுதான் நினைவுக்கு வருகிறது. 'கத்தரி வளைவு' போதுமே, பார்த்ததும் புரியும்.

*

'கத்தரி' வடமொழிக் 'கர்த்தரி'யின் திரிபு என்று எத்தனை முறை எழுதுவது? பொருநராற்றுப்படையில் கத்தரிக்கோலுக்கு 'மயிர்குறை கருவி' என்றே இருக்கிறது. பாடினியின் காதுக்கு அதன் கைப்பிடி உவமை. வெல்ஸின் வட்டத் துளைகளைப் பாருங்கள், அதே கைப்பிடி வளையம்! 'குறைகருவி வளைவு' என்க.

*

ஐயா, அதைக் குறையுள்ள கருவி என்றுதான் படிப்பார்கள். கோபுரமே விழுந்துவிட்டதென்று நினைப்பார்கள். விழுந்தது ஈலி பேராலயத்தில், 1322-இல். அந்த இடத்தில்தான் எண்கோணக் கோபுரம் எழுப்பினார்கள். வெல்ஸ் கோபுரம் இன்னும் நிற்கிறது.

வடிவத்தைச் சொல்ல வேண்டுமென்றால் உடுக்கை இருக்கிறதே! மேலும் கீழும் அகன்று இடை சிறுத்து, அச்சு அசல் 'உடுக்கை வளைவு'.

*

> உடுக்கை

அந்தப் பேராலயம் புனித அந்திரேயாவுக்கு உரியது. அவருடைய சிலுவை பெருக்கல்குறி மாதிரி இருக்கும். அதனால் அங்கே 'அந்திரேயா சிலுவை வளைவு' என்றும் சொல்கிறார்கள். அங்கே கொண்டுபோய் மாரியம்மன் கோயில் உடுக்கையை அடிக்கிறீர்களே!

அப்புறம், கதீட்ரலுக்குப் 'பேராலயம்' எப்படிப் பொருந்தும்? வேளாங்கண்ணியையும் பேராலயம் என்கிறோம், அது பசிலிக்கா, அதாவது போப் சிறப்புப் பட்டம் தந்த கோயில். ஆயரின் இருக்கை உள்ள கோயில்தான் கதீட்ரல். முதலில் இதைத் தீர்த்துவிட்டு வளைவுக்குப் போகலாம்.

*

அம்மா, கதீட்ரலை அடுத்த கெடுவுக்கு வைத்துக்கொள்ளலாம். தனிமடலையும் சேர்த்து எண்ணினால் இடைமுட்டுக்கு நான்கு பேர், கத்தரிக்கு இரண்டு. 'இடைமுட்டு வளைவு' என்றே அனுப்பிவிட்டேன். வளைவு திரையில் தெரியும்போதுதான் வரியும் வருகிறது. வடிவத்தைக் கண் பார்த்துக்கொள்ளும், வேலையை மட்டும் சொன்னால் போதும். எல்லோருக்கும் நன்றி.

*

படத்துக்குச் சரி. படம் போடாத பாடப்புத்தகத்தில் என்ன செய்வீர்கள்? என் வகுப்பில் அது உடுக்கைதான்.