பம்பாய் பார்த்த நெல்லைக்காரர்கள்: சினிமா நகரத்தில் கண்டதும் உண்டதும்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அன்பர்:

எங்கள் பக்கத்தில் பம்பாயைச் சுற்றுலா ஊராக எவரும் பேசிக் கேட்டதில்லை. அது பிழைக்கப் போகும் ஊர். நெல்லைச் சீமையின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தாராவிக்குப் போனவர்கள், கோயில் கொடைக்கு ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பெட்டிகளும் கதைகளும்தான் எனக்குத் தெரிந்த பம்பாய். 1995-இல் மும்பை என்று பெயர் மாறிய பிறகும் என் வாயில் பழைய பெயரே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஒரு தை மாதத்தில், நானும் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் அந்த ஊரைப் பார்ப்பதற்கென்றே புறப்பட்டோம். மகளுக்கு நடிகர்களின் வீடுகளைக் காண வேண்டும் என்று ஆசை. மனைவிக்குக் கடல். எனக்கோ, இந்தியாவில் சினிமா முதன்முதலாகக் காட்டப்பட்ட இடத்தையும் அது வளர்ந்த தெருக்களையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது நாற்பது ஆண்டு ஏக்கம். திருநெல்வேலியிலிருந்து வாரம் ஒருமுறை செல்லும் தாதர் வண்டியில் இடம் கிடைத்தது. புளியோதரை, எள்ளுத்துவையல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, தாராவியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு இரண்டு கிலோ அல்வா என்று மூட்டை கட்டிக்கொண்டு, கேரளத்தையும் கொங்கண் மலையின் ரயில் சுரங்கப் பாதைகளையும் தாண்டி மறுநாள் தாதரில் இறங்கினோம்.

இறங்கிய இடமே எனக்கு விசேஷமானது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’வைத் தாதாசாகேப் பால்கே எடுத்தது இந்தத் தாதரில்தான். 1913 மே 3-ஆம் நாள் கிர்காவ் பகுதியிலிருந்த கொரோனேஷன் அரங்கில் அது மக்களுக்குத் திரையிடப்பட்டது. பெண் வேடத்துக்குப் பெண்கள் எவரும் முன்வராத அக்காலத்தில், உணவு விடுதி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சாலுங்கே என்ற இளைஞரை அழைத்துவந்து பால்கே அரசியின் வேடத்தைக் கொடுத்தார். படக்குழுவினர் அனைவருக்கும் சமைத்துப் போட்டவர் பால்கேயின் மனைவி சரஸ்வதிபாய். அந்தத் தொழிலே ஓர் அடுப்படியின் பக்கத்தில்தான் பிறந்தது என்று மகளிடம் சொன்னேன். அவள் அப்போது கையில் வடா பாவ் வைத்திருந்தாள். 1966-இல் இதே தாதர் நிலையத்தின் வெளியே அசோக் வைத்யா என்பவர் போட்ட கடையில்தான் அந்தப் பண்டம் பிறந்தது என்பார்கள். உருளைக்கிழங்கு போண்டாவை ரொட்டிக்குள் வைத்து, பூண்டுப் பொடியும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தருகிறார்கள். நின்றுகொண்டே தின்று, ஓடிப்போய் ரயில் ஏறுவதற்கென்றே உண்டான உணவு.

மறுநாள் ஏமாந்தோம். விடுதிக்கு அருகிலிருந்த ஒரு முகவர், படப்பிடிப்பை நேரில் காட்டுவதாகச் சொல்லி ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். வண்டி முதலில் பாந்த்ராவில் ஒரு நடிகரின் வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றது. பூட்டிய கதவையும் அதைப் படம் பிடிக்கும் கூட்டத்தையும் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பிறகு கோரேகாவில் உள்ள திரைப்பட நகரின் வாயிலுக்குப் போனோம். மகாராஷ்டிர அரசு 1977-இல் அமைத்து, இன்று பால்கேயின் பெயரைத் தாங்கி நிற்கும் இடம் அது. அனுமதியின்றி உள்ளே விடமாட்டார்கள் என்பது அங்கே போன பிறகே எங்களுக்குத் தெரிந்தது. முகவரிடம் அனுமதிச் சீட்டு எதுவுமில்லை. திரும்பும் வழியெல்லாம் மகள் பேசவே இல்லை. போக விரும்புகிறவர்கள், முறையாக அனுமதி பெற்ற சுற்றுலாவா என்று சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

அவளைத் தேற்றியது பெடர் சாலையில் உள்ள இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகம். 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட அது, குல்ஷன் மகால் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகையிலும் அதை ஒட்டிய புதிய கட்டடத்திலும் இருக்கிறது. பழைய கேமராக்கள், சுற்றினால் குதிரை ஓடுவதுபோல் தோன்றும் பொம்மைக் கருவிகள் என்று பார்த்துக்கொண்டே போனவள், திடீரென்று ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் சிவாஜி கணேசன் அணிந்த கவசம் அங்கே வைக்கப்பட்டிருந்தது.

என் மனைவி பிறந்த ஊர் கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர். அங்கே சிவாஜி கணேசன் நிறுவிய கட்டபொம்மன் சிலையைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் அவள். 1959-இல் வந்த அந்தப் படத்தைத் தன் தாத்தா தோளில் உட்கார்ந்து மணல் குவித்த டூரிங் கொட்டகையில் பார்த்ததாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்தக் கவசத்தின் முன் அவள் கைகூப்பி நின்றதைக் கண்ட காவலர் ஒருவர், இந்த நடிகர் உங்கள் உறவினரா என்று இந்தியில் கேட்டார். மகள் அதைத் தமிழில் சொன்னதும், “உடுப்பு நடிகருடையது. இந்த உடுப்புக்கு உரியவர் உயிரை விட்டது என் ஊரில் என்று சொல்லு” என்றாள் என் மனைவி. காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களுடன் சற்று நேரம் நின்றார். ‘அடிமைப் பெண்’ படத்தில் எம்.ஜி.ஆர். அணிந்த சிவப்பு அங்கியும் அங்கே உண்டு என்றாலும், அன்றைக்கு எங்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரான்சின் சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படங்கள் 1896 ஜூலை 7-ஆம் நாள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வாட்சன் விடுதிக் கட்டடம் காலா கோடா பகுதியில் சிதைந்த நிலையில் நிற்கிறது. வெளியே நின்று பார்த்தேன், என் ஏக்கம் தீர்ந்தது. எலிபெண்டா குகைகளுக்கும் படகில் போனோம். கழுகுமலையில் மலையை மேலிருந்து குடைந்து வெட்டுவான் கோயில் செய்த நம் பக்கத்துச் சிற்பிகளை நினைத்துக்கொண்டே, இருபதடி உயரத்தில் மூன்று முகங்களோடு எழுந்து நிற்கும் அந்தச் சிவனைப் பார்த்தேன். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சாப்பாட்டுக்கு மாதுங்கா பகுதி. ரயில் நிலையத்தருகே மாடியில் இருக்கும் ராமநாயக் உடுப்பி விடுதி 1942-இல் தொடங்கியது. வாழையிலை போட்டு, சோறு, சாம்பார், ரசம், கூட்டு என்று வரிசையாகப் பரிமாறுகிறார்கள். இலையில் மிச்சம் வைத்தால் அவர்களுக்குப் பிடிக்காது, எனக்கு அது மிகவும் பிடித்தது. உடுப்பிக்காரர்களின் கை என்பதால் சாம்பாரில் வெல்லத்தின் இனிப்பு தெரியும், நம் நாக்குக்கு இரண்டாம் நாள்தான் பழகும். கிங்ஸ் சர்க்கிளில் உள்ள கஃபே மெட்ராஸில் காலை ஏழரை மணிக்கே கூட்டம் நிற்கிறது. ரச வடையும் ராகி தோசையும் காத்திருந்ததற்கு ஈடாக இருந்தன.

அல்வாவைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். நாங்கள் கொண்டுபோன அல்வாவைச் சித்தப்பா இலையில் ஒரு துண்டு வைத்து, கையில் ஒட்டும் நெய்யை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டார். பதிலுக்கு அவர் எங்களுக்கு மாஹிம் அல்வா வாங்கித் தந்தார். தகடு தகடாக, சதுரமாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் எண்ணெய்த்தாள் வைத்து அடுக்கியிருந்தது. கோதுமைப் பால் எடுத்துக் கிண்டும் நம் அல்வாவைப் போல அது பார்வைக்கு இல்லவே இல்லை. ஆனாலும் ஏலக்காய் மணத்தோடு நன்றாகவே இருந்தது.

மேலப்பாளையத்திலிருந்து:

நான் வாப்பாவுடன் துணி வியாபாரத்துக்காகப் பலமுறை பம்பாய் போயிருக்கிறேன். படப்பிடிப்பு எதையும் பார்த்ததில்லை. ரமலானில் போக வாய்ப்புள்ளவர்கள், நோன்பு திறந்த பிறகு முகமது அலி சாலையில் மினாரா மசூதித் தெருவுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். எலும்புச் சாறு இறங்கிய நல்லி நிஹாரி என்ற இறைச்சிக் குழம்பு, கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்துத் தரும் மால்புவா என்ற இனிப்பு அப்பம், மண் கிண்ணத்தில் குளிர்ந்த பிர்னி என்ற பால் இனிப்பு என்று விடியும்வரை தெரு உறங்காது. நம் ஊர்ப் பள்ளிவாசலில் ஊற்றித் தரும் நோன்புக் கஞ்சியின் நிதானம் அங்கே இல்லை. முதல் நாள் இரவு அந்தக் கூட்டத்தில் நின்றபோது உம்மாவின் கஞ்சியை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. ஹாஜி அலி தர்காவுக்குப் போகிறவர்கள் கடல் ஏற்றத்தின் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும், ஏற்றத்தில் நடைபாதை நீரில் மூழ்கிவிடும்.

தென்காசியிலிருந்து:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மும்பை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே மராத்தா மந்திர் என்ற திரையரங்கு இருக்கிறது. 1995-இல் வெளியான ஷாருக் கான், காஜோல் நடித்த காதல் படத்தை அங்கே இன்னமும் பகல் காட்சியில் ஓட்டுகிறார்கள். ரயில் ஏற வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் டாக்சி ஓட்டுநர்கள் என்று அரங்கில் பாதி நிறைந்திருந்தது. சினிமா நகரத்தில் சினிமாவைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வள்ளியூரிலிருந்து:

நான் தாராவியில் பிறந்து இருபத்தாறு வயதுவரை அங்கே வளர்ந்தவன். அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி சித்தப்பா வீட்டைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு மாதுங்காவுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டைப் பற்றி நான் எழுதுகிறேன்.

எங்கள் அம்மா இட்லிக்காரி. அதிகாலை இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி, நாலரை மணிக்குள் நூற்றுக்கணக்கில் இட்லி அவித்து எடுப்பார்கள். அதை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சட்னி வாளியைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, ரப்பர் ஊதலை அழுத்திக்கொண்டே அண்ணன் சைக்கிளில் புறப்படுவான். எங்கள் சந்தில் அப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. பம்பாயின் பல தெருக்களில் காலையில் கேட்கும் அந்த ‘பாம் பாம்’ சத்தம் நம் ஆட்களின் சத்தம். அந்த இட்லியைத் தின்று வேலைக்குப் போகிறவர்களில் படப்பிடிப்புத் தளங்களில் விளக்குத் தூக்குகிறவர்களும் தச்சர்களும் உண்டு.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது எங்கள் சந்தில் ஒரு படத்துக்குக் காட்சி எடுக்க வந்தார்கள். முதல் நாள் மாலையே எல்லோருக்கும் பணம் பேசி, காலையில் யாரும் வெளியே வரக்கூடாது என்று சொல்லிப் போனார்கள். அம்மாவின் இட்லிக் கொப்பரையிலிருந்து எழும் ஆவி அவர்களுக்குப் பிடித்துப்போக, மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அம்மாவும் சந்தோஷமாகச் செய்தார்கள். பிறகு ஒருவர் வந்து வாசலில் போட்டிருந்த கோலத்தைக் காலால் அழித்தார். அதன்மேல் ஒரு கூடைக் குப்பையைக் கொட்டச் சொன்னார். இந்த இடம் இவ்வளவு சுத்தமாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்றார். அம்மா கொப்பரை மூடியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். வாங்கிய பணத்தை அண்ணன் திருப்பிக் கொடுத்தான். அவர்கள் வாங்கிக்கொள்ளாமல் அடுத்த வீட்டு வாசலில் கேமராவை வைத்தார்கள். வெயில் ஏறி அவர்கள் கிளம்பிய பிறகு, அம்மா சந்து முழுவதையும் கூட்டி, தண்ணீர் தெளித்து, நண்பகலில் கோலம் போட்டார்கள். நண்பகலில் கோலம் போட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதனால்தான் சொல்கிறேன். தாராவிக்குள் வறுமையைக் காட்டுவதற்கென்று கூட்டம் கூட்டமாக அழைத்துப்போகும் நடைச் சுற்றுலாக்களில் நம் ஊர்க்காரர்கள் சேராதீர்கள். சொந்தக்காரர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு நேரே போங்கள். இல்லையென்றால் தொண்ணூறு அடிச் சாலைப் பக்கம் போய்த் தமிழில் பேசுங்கள், நீங்கள் எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்பார்கள். பொங்கல் அன்று போனால், வரிசையாகப் பானை வைத்திருக்கும் எந்தச் சந்திலும் உங்களுக்கு ஒரு கரண்டி உண்டு.

அம்பாசமுத்திரத்திலிருந்து மீண்டும்:

தம்பி, உங்கள் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மைனி என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். அடுத்த தைக்கு, பொங்கலுக்கு முன்பே தாராவியில் இருப்பதுபோல் போக வேண்டும் என்கிறாள். அம்மா இன்னும் இட்லி அவிக்கிறார்களா, எந்தச் சந்து என்று விசாரித்து வீட்டுக்கு எழுதுங்கள். கோலமாவு இங்கிருந்தே கொண்டுவருகிறோம்.