டியூக்–ஹூஸ்டன், கடைசி 35 நொடி: உங்களை இன்னும் உறுத்தும் கணம் எது?

நீலப்பிசாசு:
ஸ்கோர் எல்லாருக்கும் மனப்பாடம், ஹூஸ்டன் 70, நம் டியூக் 67. 2025 ஏப்ரல் 5, சான் அன்டோனியோ, ஃபைனல் ஃபோர், அதாவது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரின் அரையிறுதி. எட்டு நிமிடம் இருக்கும்போது 14 புள்ளி முன்னிலை, 35 நொடி இருக்கும்போது 6 புள்ளி முன்னிலை, இரண்டும் போனது. எனக்கு ஒரு கணம்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஹூஸ்டனின் இமானுவல் ஷார்ப் த்ரீ (மூன்று புள்ளி ஷாட்) போட்டு 67-64 ஆன பிறகு, நம் சயான் ஜேம்ஸ் பேஸ்லைனிலிருந்து (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோடு) பந்தை உள்ளே எறிந்த பாஸ்.

கடிகாரம் 33-ல் நிற்கிறது. கல்லூரி விதிப்படி இரண்டாம் பாதியின் கடைசி 59.9 நொடியில் கூடை விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும், உள்ளே யாராவது பந்தைத் தொட்ட பிறகுதான் ஓடும். அவசரமே இல்லை. எதிரணி கூடை போட்ட பிறகு எறிவதால் ஜேம்ஸ் பேஸ்லைன் நெடுக ஓடலாம். எறிய ஐந்து நொடி கையில் இருக்கிறது. நடுவில் டைம் அவுட் எடுத்தாலும் ஓடும் உரிமை போகாது. இவ்வளவு சாதகம் இருந்தும் பந்து ஹூஸ்டனின் மைலிக் வில்சன் கைக்குப் போனது. அவர் போட்ட த்ரீ தவறியது, அவர் அணியின் ஜோசப் டக்லர் அதைக் காற்றிலேயே பிடித்து வளையத்துக்குள் அடித்தார். 67-66, இன்னும் 25 நொடி. எட்டே நொடியில் ஹூஸ்டனுக்கு ஐந்து புள்ளி.

பொறுக்க முடியாதது எதுவென்றால், இதற்கு முன்னறிவிப்பு கிடைத்திருந்தது. 1:14 இருக்கும்போது இதே டக்லர், இதே ஜேம்ஸ் பந்து எறிய நிற்கையில், கோட்டைத் தாண்டிக் கைநீட்டிப் பந்தைத் தட்டி டெக்னிக்கல் (விதிமீறலுக்கான தண்டனை ஃபவுல்) வாங்கினார். டியூக்கின் கான் கனிப்பல் அதற்குக் கிடைத்த ஒரு ஃப்ரீ த்ரோவை (தடுக்க ஆளில்லாமல் எறியும் ஷாட்) போட்டார், 67-61. அதுதான் டியூக்கின் கடைசிப் புள்ளி. ஹூஸ்டன் இன்பவுண்டைத்தான் (பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறிவதை) குறிவைக்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ரிம்ரன்னர்:
இன்பவுண்ட் கெட்டது சரி, ஆனால் அதற்குப் பிறகும் டியூக்தான் முன்னிலையில் இருந்தது. எனக்கு உறுத்துவது டியூக்கின் டைரீஸ் பிராக்டர் எறிந்த ஃப்ரீ த்ரோ. 20 நொடி, ஒன்-அண்ட்-ஒன், முதல் பந்தே தவறியது.

என்பிஏ (தொழில்முறை லீக்) மட்டும் பார்ப்பவர்களுக்காக: கல்லூரியில் ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து ஒன்பதாவது வரை ஒன்-அண்ட்-ஒன். முதலாவதைப் போட்டால்தான் இரண்டாவது உண்டு. பத்தாவதிலிருந்துதான் உறுதியான இரண்டு. நூற்றுக்கு 70 போடும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஷாட் உறுதி என்றால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு 9. ஒன்-அண்ட்-ஒன்னில் அது 30. தவறினால் பந்து உயிரோடு இருக்கும், அதுவும் எதிராளிக்குப் பக்கத்தில் விழும்.

அந்த நேரத்தில் பந்து கனிப்பல் கையில் இருந்திருக்க வேண்டும். சீசன் முழுக்க நூற்றுக்கு 91 போட்ட ஆள். முன்னிலையில் இருக்கும் அணி முதலில் முடிவு செய்ய வேண்டியது, யார் ஃபவுல் வாங்குவது என்பதுதான். அவருக்கு இரண்டு ஸ்கிரீன் (சக ஆட்டக்காரர் குறுக்கே நின்று டிஃபெண்டரை மறிப்பது) வைத்தாவது பந்தைக் கொண்டுசேர்க்க வேண்டும்.

கோல்ட்ஸ்டாண்டர்ட்:
ரிம்ரன்னர், நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பிராக்டர் தவறவிட்டதும் நடந்ததுதான் ஆட்டத்தை மாற்றியது. ஹூஸ்டனின் ஜேவான் ராபர்ட்ஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து டியூக்கின் கூப்பர் ஃபிளாக் கை போட்டார், ஃபவுல் விசில். 19.6 நொடி. ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டார், 68-67.

நடுவரைத் திட்டுகிறவர்கள் அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உயரத்தால் மேலிருந்து எட்டிப் பந்தை எடுத்தால் ஃபவுல் கிடையாது. முன்னால் இடம் பிடித்தவரின் தோளிலோ கையிலோ கை விழுந்து அவர் அசைந்தால் ஃபவுல். ராபர்ட்ஸ் வளையத்துக்கும் ஃபிளாக்குக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஃப்ரீ த்ரோவில் லேன் (வளையத்துக்கு முன்னால் உள்ள செவ்வகம்) ஓரமாகத் தடுக்கும் அணிக்கு நான்கு பேர், எறியும் அணிக்கு இரண்டே பேர். வளையத்துக்குப் பக்கத்து இடம் இரண்டும் தடுக்கும் அணிக்கே. டியூக்காரர் யாராக இருந்தாலும் வெளிப்பக்கம்தான் நிற்க முடியும்.

அங்கே ரீபவுண்டுக்கு (தவறிய பந்தைப் பிடிக்க) போகாமலே இருந்திருக்கலாம். இரண்டு பேரையும் லேனிலிருந்து எடுத்து ஐந்து பேரும் பின்வாங்கினால், பிராக்டர் தவறவிட்டாலும் ஹூஸ்டன் 67-66 என்று பின்தங்கிய நிலையில் முழு மைதானத்தையும் கடந்து வந்து, நிலைகொண்ட டிஃபென்ஸுக்கு எதிராகக் கூடை போட வேண்டும். நாமோ கடிகாரத்தை நிறுத்தி, தடுக்க ஆளில்லாத இரண்டு ஷாட்டைக் கொடுத்தோம்.

பயிற்சிமேடை:
பள்ளி, கல்லூரி அணி நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக. முன்னிலையில் இருக்கும்போது முழு மைதான பிரஸ்ஸுக்கு (எதிரணி மைதானம் முழுக்க நெருங்கித் தடுப்பது) எதிராகப் பந்தை உள்ளே எடுப்பது தனித் திறமை, தனியாகப் பழக்க வேண்டும்.

எறிபவர் அணியில் நன்றாகப் பாஸ் செய்யும் உயரமான ஆளாக இருக்கட்டும். டிரிபிள் நன்றாகச் செய்பவரை எறிய விடாதீர்கள், அவர் உள்ளே பந்து வாங்க வேண்டியவர். எறிபவர் கோட்டை ஒட்டி நிற்கக் கூடாது, இரண்டடியாவது பின்னால் தள்ளி நிற்க வேண்டும். கோட்டை ஒட்டி நின்றால் டக்லர் போல நீளக் கைக்காரர் பார்வையையும் பாஸையும் ஒருசேர மறைத்துவிடுவார். பேக்போர்டுக்கு நேர் கீழே நின்றும் எறியாதீர்கள், உயர்த்தி எறியும் பந்து போர்டின் அடியில் இடிக்கும். லேன் கோட்டுக்கு வெளியே வந்து நில்லுங்கள். வலையிலிருந்து பந்தை எடுக்கும் அவசரத்தில் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தபடி எறிவது அடிக்கடி நடக்கும் தவறு. பந்து எதிரணிக்குப் போய்விடும்.

உள்ளே நான்கு பேர் ஃப்ரீ த்ரோ கோட்டருகே வரிசையாக நிற்கலாம். முதல் ஆள் ஒரு பக்கம் வெட்டுகிறார், இரண்டாவது ஆள் எதிர்ப்பக்கம், மூன்றாவது ஆள் நேராக நீளத்துக்கு ஓடித் தன் ஆளை இழுத்துப் போகிறார். நான்காவது ஆள் ஒரு கணம் நின்று, காலியான நடு இடத்துக்குப் பந்தை நோக்கி வருகிறார். பந்தை நோக்கி வருவதுதான் உயிர். நின்ற இடத்திலேயே கைநீட்டிக் காத்திருந்தால் பின்னாலிருப்பவர் முந்துவார். பந்து கைக்கு வந்ததும் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி நிற்க வேண்டும். மூலையில் வாங்கினால் கோடுகளே இரண்டு கூடுதல் டிஃபெண்டர்கள் ஆகிவிடும்.

கூடை விழுந்த பிறகு மட்டும் இன்னொரு வழி உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. சக ஆட்டக்காரர் ஒருவரும் பேஸ்லைனுக்கு வெளியே வந்து அங்கேயே பாஸ் வாங்கலாம். எறியும் கோணம் சட்டென்று மாறும். மொத்தம் அதே ஐந்து நொடிதான்.

எண்ணிக்கை: நடுவர் கை வீசி எண்ணுவதைப் பார்த்தே பழக வேண்டும். இரண்டு வரை முதல் வழி, மூன்றில் அடுத்த வழி, நான்கு வந்தால் டைம் அவுட் கேட்டுவிட வேண்டும். ‘அவன் ஒதுங்கிவிடுவான்’ என்று நம்பி நாலரையில் எறியும் பாஸ்தான் களவு போகும்.

பயிற்சியின் கடைசியில், கால் களைத்த பிறகு, மூன்று புள்ளி முன்னிலை, 33 நொடி என்று ஸ்கோர்போர்டில் வைத்து ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரை நிறுத்துங்கள். களைப்பில்லாத நேரத்தில் பழகியது கடைசி நிமிடத்தில் கைகொடுக்காது.

ஷாட்கிளாக்30:
பயிற்சிமேடை அண்ணே, குறிப்பெல்லாம் சரி. ஆனால் மூவரும் கடைசி 35 நொடியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கடைசிப் பத்தரை நிமிடத்தில் டியூக் போட்ட ஃபீல்ட் கோல் (ஃப்ரீ த்ரோ அல்லாத கூடை) ஒன்றே ஒன்று! மூன்று நிமிடம் இருக்கும்போது ஃபிளாக் போட்ட த்ரீ. அதை ஒரு மகிழ்ச்சியான காட்சியாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது, ஏனென்றால் அந்த ஷாட் முன்னிலையை ஒன்பது ஆக்கி, உள்ளே இருந்த நோயை மறைத்துவிட்டது.

ஹூஸ்டன் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்சனின் அணி பிக் அண்ட் ரோலை (ஸ்கிரீன் வைத்தவர் உடனே வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டம்) தடுக்கும் முறை எல்லாருக்கும் தெரியும். ஸ்கிரீன் வந்ததும் இரண்டு பேர் பந்து மேல் பாய்வார்கள். அப்போது பந்தை உடனே விட்டு, ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஓடிவரும் உயரமான ஆட்டக்காரருக்குக் கொடுத்து, அங்கே நான்குக்கு மூன்று என்று ஆட வேண்டும். அந்த இடத்தில் பந்து வாங்கி ஒரு டிரிபிள் வைத்துப் பாஸ் கொடுக்கத் தெரிந்த உயரமான ஆள் டியூக்கில் மலீக் பிரவுன். அவருக்கு ஏசிசி தொடரில் (டியூக் ஆடும் லீக்கின் தொடர்) தோள் நழுவியிருந்தது. காமன் மலுவாச் 7 அடி 2 அங்குலம், லாப் பாஸுக்கு (வளையத்தருகே உயர்த்தி எறியும் பாஸ்) பிரமாதம், ஆனால் நடு இடத்தில் வாங்கி முடிவெடுப்பது அப்போது அவர் வேலை அல்ல. ஆக டியூக் ஸ்கிரீனைக் குறைத்து, கடிகாரத்தைக் கரைத்து, ஷாட் கிளாக்கில் (ஷாட் போட 30 நொடிக் கெடு) எட்டு நொடி இருக்கும்போது ஃபிளாக்கிடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. 30 நொடியில் 20 நொடி ஒன்றும் செய்யாமல் போனால் எதிரணிக்குத் தடுக்க வேண்டியது பத்து நொடி மட்டுமே.

அந்த ஆட்டத்தில் மலுவாச் 21 நிமிடம் ஆடி ஒரு ரீபவுண்டும் எடுக்கவில்லை. டக்லரும் ராபர்ட்ஸும் அவரைக் குதிக்கவே விடவில்லை. ஷாட் கிளம்பும்போதே இடுப்பில் இடித்து, வளையத்துக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். பந்து தலைக்கு மேல் தாண்டிப் போகும் இடத்தில் உயரம் உதவாது.

நீலப்பிசாசு:
ஷாட்கிளாக், பத்து நிமிட வறட்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வறட்சியோடும் 35 நொடியில் ஆறு புள்ளி முன்னிலை இருந்ததே. அங்கிருந்து தோற்க ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து காரியம் கெட வேண்டும், கெட்டது.

தார்ஹீல்_எதிரி:
2022 நியூ ஆர்லியன்ஸ். நார்த் கரோலினாவோடு 75-74 என்று ஒரு புள்ளி பின்தங்கியபோது மார்க் வில்லியம்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவும் தவறவிட்டார், அடுத்து கேலப் லவ் த்ரீ. 81-77. டியூக் பயிற்சியாளர் கோச் கே-யின் (மைக் ஷஷெவ்ஸ்கி) கடைசி ஆட்டம். ஃபைனல் ஃபோரில் ஃப்ரீ த்ரோ நம்மைக் கொல்வது புதிதல்ல.

மிட்ரேஞ்ச்:
யாருமே கடைசி ஷாட்டைச் சொல்லவில்லையே. 68-67 பின்னடைவு, டைம் அவுட் முடிந்து வந்து, ஃபிளாக் லேனுக்குள் ராபர்ட்ஸ் மேல் திரும்பிப் போட்ட ஜம்பர், முன் விளிம்பில் குறைந்தது.

நேரம் சரிதான். எட்டு நொடி இருக்கும்போது போட்டால் தவறினாலும் ரீபவுண்டுக்கும் அடுத்த முயற்சிக்கும் இடமிருக்கும். ஆளும் சரி, அன்று 27 புள்ளி எடுத்தவர். ஷாட்டின் வகைதான் எனக்கு ஒட்டவில்லை. திரும்பிப் பின்னால் சாய்ந்து போடும் ஷாட்டில் மூன்று இழப்பு உண்டு. ஃபவுல் கிடைக்காது. போட்டவர் தன் ரீபவுண்டுக்குப் போக முடியாது. களைத்த காலில் முதலில் குறைவது தூரம், அதனால்தான் முன் விளிம்பு. ராபர்ட்ஸ் அற்புதமாகத் தடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பம்ப் ஃபேக்குக்கு (ஷாட் போடுவது போல் பாவனை) ஏமாறாமல், கால் தரையில் இருக்க, மார்பால் தாங்கி, கடைசியில் மட்டும் கை உயர்த்தினார். ஒரு கார்டு வந்து ஸ்கிரீன் வைத்து ராபர்ட்ஸை ஃபிளாக்கிடமிருந்து பிரித்திருந்தால் ஹூஸ்டனின் எல்.ஜே. கிரையர் மாதிரி உயரம் குறைந்தவர் மேல் அதே ஷாட் சுலபம்.

டியூக்கின் அந்த ஆண்டு தோல்விகள் நான்குதான்: கென்டக்கி 77-72, கன்சாஸ் 75-72, கிளெம்சன் 77-71, பிறகு இது. நான்கும் கடைசி நிமிடம் வரை இழுத்தவை. கென்டக்கியோடு ஓட்டேகா ஓவே ஃபிளாக்கிடமிருந்து பந்தைப் பறித்தார், கிளெம்சனோடு ஃபிளாக்குக்குக் கால் வழுக்கியது. மற்ற ஆட்டங்களைப் பெரும்பாலும் பெரிய வித்தியாசத்தில் முடித்ததால், நெருக்கடியில் என்ன ஆடுவது என்ற பழக்கம் இந்த அணிக்கு அமையவே இல்லை. பதினெட்டு வயதுப் பையன் மேல் மட்டும் பழி போடாதீர்கள். டியூக் பயிற்சியாளர் ஜான் ஷையர் அவருக்கு எளிதான ஒரு கோணத்தை உண்டாக்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

டிராஃப்ட்நோட்டு:
டியூக்குக்காகத் தொடங்கிய ஐந்து பேரும் டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) போய்விட்டார்கள். ஃபிளாக் முதலிடத்தில் டல்லஸ், கனிப்பல் நான்காவது சார்லட், மலுவாச் பத்தாவது, கைமாறி ஃபீனிக்ஸ். ஜேம்ஸ் 33-வது, அவரும் சார்லட். பிராக்டர் 49-வது, கிளீவ்லண்ட். ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிடம் யாருடைய மதிப்பையும் பெரிதாக இறக்கவில்லை என்பதை இதிலிருந்தே பார்க்கலாம்.

கனிப்பல் பற்றி ஒரு கணக்கு. ஏசிசி தொடரில் ஃபிளாக்குக்குக் கணுக்கால் சுளுக்கியபோது அணியைத் தூக்கி நிறுத்தி, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் அவர். வேகம் போதாது என்பார்கள். காலூன்றும் வேகத்தையும் பந்தை விடும் வேகத்தையும் பாருங்கள், அங்கே ஈடுகட்டிவிடுகிறார். டக்லர் அவரை பிளாக் செய்த அந்த ஒரு ஷாட்டை வைத்து எடைபோட வேண்டாம், ஷாட் கிளாக் தீரும் நேரத்தில் நீளக் கைக்குள் போக வேண்டிய கட்டாயம் அது.

அடுத்த, 2025-26 சீசன் அணியில் கேமரன் பூசர், கேடன் பூசர் இரட்டையர் வருகிறார்கள், டியூக்கின் 2001 சாம்பியன் அணியில் ஆடிய கார்லோஸ் பூசரின் மகன்கள். ஐசையா எவன்ஸ், கேலப் ஃபாஸ்டர், பேட்ரிக் எங்கோங்பா, மலீக் பிரவுன் திரும்புகிறார்கள்.

ரிம்ரன்னர்:
அப்படியானால் பிரவுன் எறியட்டும், கேமரன் நடுவில் பந்தை நோக்கி வரட்டும், ஃபாஸ்டர் அவரிடமிருந்து வாங்கி ஃபவுல் எடுக்கட்டும். எவன்ஸ் எதிர்மூலையில் நின்றால் போதும், அவரை விட்டு யாரும் ட்ராப்புக்கு (இரண்டு பேர் சேர்ந்து பந்து வைத்திருப்பவரை மடக்குவது) ஓட முடியாது.

பயிற்சிமேடை:
பிரவுன் எறியலாம், ஆனால் பாஸ் கொடுத்ததும் பேஸ்லைனிலேயே நிற்கக் கூடாது. உடனே உள்ளே ஏறி, பந்துக்கு ஒரு பாஸ் தூரம் பின்னால் நிற்க வேண்டும். ட்ராப்பில் மாட்டியவர் பந்தைத் திருப்பிக் கொடுக்க அங்கே ஒருவர் வேண்டும்.