எஸ்டிஐ-க்கு டவுன்பைப்பா, இன்டேக்கா? மாற்றியவர்கள், மாட்டியவர்கள், ட்யூன் செய்தவர்கள் சொல்வது

பாக்ஸர்257:

அமெரிக்காவில் 2015 முதல் 2021 மாடல் வரை விற்ற சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ பற்றித்தான் இந்த இழை. 2.5 லிட்டர் ஈஜே257 என்ஜின், ஐஎச்ஐ விஎஃப்48 டர்போ, கம்பெனிக் கணக்கில் 305 ஹெச்பி (2019 முதல் 310). புதிதாக வாங்கியவர்கள் முதலில் இன்டேக்கைத்தான் (காற்றை உள்ளே இழுக்கும் ஃபில்டரும் குழாயும்) பார்க்கிறார்கள். விலை குறைவு, அரை மணி நேர வேலை, சத்தமும் கூடும். ஆனால் இந்த வண்டியில் முதல் காசு டவுன்பைப்புக்கும் (டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் முதல் குழாய்) ட்யூனுக்கும் (என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுவது) போக வேண்டும்.

ஏன் என்பதற்குக் கணக்கு போட்டே பார்க்கலாம். டர்போவில் புகை சுழற்றும் டர்பைனுக்கு எவ்வளவு வேலை கிடைக்கும் என்பதை அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த விகிதம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. முன்னால் 2.4 பார், பின்னால் 1.3 பார் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 1.85. பின்னால் இருப்பதை 1.1 ஆக்கினால் 2.18. அதே புகையில் டர்போ சீக்கிரம் சுழன்று எழும். இப்போது இன்டேக் பக்கம் வாருங்கள். வெளிக்காற்று 101 கிலோபாஸ்கல், நமக்குத் தேவை 202. ஃபில்டரும் பெட்டியும் சேர்ந்து 3 கிலோபாஸ்கலைத் தின்றாலும் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் விகிதம் 2.00-லிருந்து 2.06-க்குத்தான் போகிறது. விஎஃப்48 அளவு டர்போவுக்கு இந்த வித்தியாசத்துக்காக ஒரிஜினல் பெட்டியைக் கழற்றத் தேவையில்லை. நல்ல பேப்பர் ஃபில்டர் ஒன்று போட்டால் போதும்.

எந்த டவுன்பைப் என்றால்: 3 இன்ச் (76 மி.மீ.), 304 ஸ்டெயின்லெஸ், பெல்மவுத் வகை (வாய் அகன்று விரிந்தது), 200 செல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம், சுருக்கமாக கேட்) உள்ளது. வேஸ்ட்கேட் (அதிகப் புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) வாயைத் தனியாகப் பிரிக்கும் தடுப்பு வைத்த வகைகளும் கிடைக்கும். அவற்றை வாங்கினால், மாட்டும் முன் வேஸ்ட்கேட் மூடியைக் கையால் முழுக்கத் திறந்து பாருங்கள். சிலவற்றில் மூடி தடுப்பில் இடித்துப் பாதியில் நின்றுவிடுகிறது. அப்புறம் பூஸ்டை (டர்போ ஏற்றும் காற்றழுத்தத்தை) கட்டுப்படுத்தவே முடியாது.

கேட் இல்லாத பைப் வேண்டாம். தெருவில் ஓடும் வண்டியில் கேட்டைக் கழற்றுவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. கலிஃபோர்னியாவில் கேட் இருந்தாலும் அந்தப் பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியம் தந்த இ.ஓ. (அனுமதி) எண் இல்லையென்றால் ஸ்மாக் (புகை) பரிசோதனையில் நிற்காது. அங்கே புகைக்குழாய்ச் சத்தத்துக்கும் 95 டெசிபல் வரம்பு இருக்கிறது.

கேட்-பேக் (கேட்டுக்குப் பின்னால் உள்ள குழாய் முழுவதும்), ஆக்ஸில்-பேக் (பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் உள்ள பகுதி மட்டும்) இரண்டையும் மாற்றுவது சத்தத்துக்காக. பவர் மிகக் கொஞ்சம். ரெசனேட்டர் (இரைச்சலைக் குறைக்கும் பெட்டி) இல்லாததை வாங்கினால் நெடுஞ்சாலை வேகத்தில், 2500–3000 ஆர்பிஎம்மில், காதை அடைக்கும் இரைச்சல் நிற்காமல் வரும்.

ஸ்பேனர்_14:

மாட்டும் வேலையைப் பற்றி. முதல் நாள் இரவே டர்போ நட்டுகளிலும் பின் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் என்ஜின் ஆறியிருக்கும்போது மேலே இருக்கும் இன்டர்கூலரை (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) கழற்றினால்தான் டர்போவின் மேல் நட்டுகள் கைக்கு எட்டும். பெரும்பாலும் 14 மி.மீ. நட்டுகள். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வருவது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பழைய ஸ்டட்டைத் திரும்பப் போடாமல் புதுசு போடுங்கள். டர்போ பக்கம் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்தான் நிற்கும்.

பின் ஆக்சிஜன் சென்சாருக்கு 22 மி.மீ. ஸ்பேனர். திரும்பப் போடும்போது ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடவும் பசை) மரையில் மட்டும் இருக்க வேண்டும். நுனியில் பட்டால் சென்சார் போய்விடும்.

பலர் விட்டுவிடும் இரண்டு விஷயம். ஒன்று, டவுன்பைப்பை கியர்பாக்ஸோடு பிடித்து வைக்கும் பிராக்கெட். துளை சரியாக வரவில்லை என்று அதை மாட்டாமல் விட்டால் பைப்பின் முழு எடையும் டர்போ ஃபிளேஞ்சில் தொங்கும். கொஞ்ச மாதத்தில் வெல்டிங் விரிசல் விடும், இல்லையென்றால் கேஸ்கெட் ஊதும். எல்லா நட்டையும் விரலால் ஏற்றி, பிராக்கெட்டையும் பின் ஃபிளேஞ்சையும் பொருத்திவிட்டு, கடைசியில்தான் முறுக்க வேண்டும். முறுக்கு அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், கை அளவு வேண்டாம்.

இரண்டாவது, வெப்பத் தடுப்புத் தகடு. டவுன்பைப் போகும் வழியிலேயே வலது பக்க ஆக்ஸிலின் உள் சிவி பூட் (மூட்டின் கிரீஸை மூடி வைக்கும் ரப்பர் உறை) இருக்கிறது. தகடு இல்லாத பைப் என்றால் ரப்பர் காய்ந்து கிழிந்து, கிரீஸ் சூடான பைப்பில் தெறிக்கும். சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் கருகும் வாடை வருகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் அங்கேதான் டார்ச் அடிக்க வேண்டும். டவுன்பைப்புக்கு உறையோ தகடோ சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

வேஸ்ட்கேட்_வேலு:

ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி மாட்டியாயிற்று. இனி ட்யூன் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கக் கூடாது. கம்பெனி ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) பழைய அடைப்பை மனத்தில் வைத்து வேஸ்ட்கேட் டியூட்டி (வேஸ்ட்கேட்டை மூடி வைக்கச் சொல்லும் அளவு) கொடுக்கிறது. புகை தாராளமாகப் போனதும் அதே டியூட்டிக்கு பூஸ்ட் இலக்கைத் தாண்டும். ஒரு அளவுக்கு மேல் ஈசியூ எரிபொருளை வெட்டிவிடும், வண்டி சுவரில் மோதியது போல் குலுங்கும். குலுங்கினால் நல்லது. குலுங்காமல் நாக் (கலவை தானாக வெடித்து உள்ளே தட்டுவது) வந்தால்தான் பிஸ்டன் போகும்.

ட்யூன் செய்த பிறகும் வருவது பூஸ்ட் க்ரீப் (பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறுவது). லாகில் (ஓடும்போது ஈசியூவிலிருந்து பதிவு செய்யும் எண்கள்) இப்படித் தெரியும்: 5000 ஆர்பிஎம் தாண்டியதும் வேஸ்ட்கேட் டியூட்டி 0-க்கு வந்துவிட்டது, ஆனாலும் பூஸ்ட் ஏறிக்கொண்டே போகிறது. அதாவது வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்தும் அந்தச் சின்னத் துளை வழியாகப் போதுமான புகை வெளியேறவில்லை. இதை ட்யூனில் சரி செய்ய வழியில்லை. டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் துளையை அகலப்படுத்த வேண்டும், அல்லது வெளி வேஸ்ட்கேட் போட வேண்டும். கேட் உள்ள டவுன்பைப்பில் இந்தத் தொல்லை குறைவு. அதை வாங்க இதுவும் ஒரு காரணம்.

கோடையில் ட்யூன் செய்து சரியாக இருந்த வண்டி ஜனவரியில் க்ரீப் ஆகும். குளிர்காற்று அடர்த்தியானது. அதனால் குளிர்காலம் தொடங்கியதும் ஒரு லாக் எடுத்தே தீர வேண்டும்.

மாஃப்_கணக்கு:

இன்டேக் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிக என்ஜின் அங்கேதான் கெடுகிறது.

இந்த வண்டியில் ஃபில்டர் பெட்டியை அடுத்த குழாய் ஒரு அளவுகோல். அதில் உட்கார்ந்திருக்கும் மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) காற்றின் வேகத்தை உணர்ந்து வோல்ட்டாகச் சொல்கிறது. குழாயின் அகலம் இவ்வளவு என்ற நம்பிக்கையில் ஈசியூ அதை கிராம் கணக்காக மாற்றுகிறது. குழாயை அகலமாக்கினால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும். உதாரணத்துக்கு, 65 மி.மீ. உள்விட்டத்தை 70 ஆக்கினால் பரப்பு 16 சதவீதம் கூடுகிறது. சென்சார் ஏறக்குறைய 14 சதவீதம் குறைவாகப் படிக்கும். எரிபொருளும் அந்த அளவு குறையும். முழு பூஸ்டில் 11:1 அருகே இருக்க வேண்டிய காற்று-எரிபொருள் கலவை 12.8-க்குப் போனால், 91 ஆக்டேன் பெட்ரோலில் நாக் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

"ஈசியூ தானே கற்றுக்கொள்ளும்" என்பார்கள். சாதாரண ஓட்டத்தில் முன் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும், உண்மைதான். ஆனால் இந்த ஈசியூ கற்றதைக் காற்றோட்ட வாரியாக நான்கு கட்டங்களில் சேமிக்கிறது. கடைசிக் கட்டத்தில் உள்ள எண்தான் முழு மிதிக்கும் போகிறது. அந்த ஒரே எண்ணை நம்பி 6500 ஆர்பிஎம் வரை போவது சூதாட்டம். ஆகவே இன்டேக் மாற்றினால் மாஃப் ஸ்கேலிங் (எந்த வோல்ட்டுக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை) புதிதாகச் செய்ய வேண்டும். திருத்தங்கள் எல்லாக் கட்டத்திலும் ±5 சதவீதத்துக்குள் வரும் வரை விடாதீர்கள். 10-ஐத் தாண்டினால் லீக் தேடுங்கள்.

ஷார்ட் ராம் வகை இன்டேக்கை (குட்டைக் குழாயில் பெட்டி இல்லாத ஃபில்டர்) இந்த வண்டிக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. என்ஜின் அறையின் சூட்டையே உறிஞ்சும். அழுத்த விகிதம் 2, கம்ப்ரஸர் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், 30 டிகிரிக் காற்று கம்ப்ரஸரை விட்டு 125 டிகிரியில் வரும். 50 டிகிரியில் உள்ளே போனால் 151. வாயில் 20 டிகிரி வித்தியாசம், வெளியே 26. அந்தச் சூடு அப்படியே மேலே இருக்கும் சின்ன இன்டர்கூலர் தலையில் விழுகிறது. எண்ணெய் தடவும் ஃபில்டர் என்றால் இன்னொரு தொல்லை: எண்ணெய் கூடினால் மாஃப் கம்பியில் படிந்து அளவு கெடும். மாஃப் சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள்.

வெளியே ஊதும் ப்ளோ-ஆஃப் வால்வும் (காலை எடுத்ததும் மிஞ்சும் பூஸ்டை விடுவது) இதே கதைதான். ஏற்கெனவே எண்ணிய காற்றை வெளியே விடுவதால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கலவை கெட்டியாகும் (எரிபொருள் கூடிவிடும்). காற்றைத் திருப்பி இன்லெட்டுக்கே அனுப்பும் ஒரிஜினல் வால்வு இந்தப் பவருக்குத் தாராளம்.

பாக்ஸர்257:

லீக் என்று மாஃப்_கணக்கு சொன்னதை மேலும் பிரிக்கலாம். மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவில், அதாவது இன்லெட் ரப்பர் குழாயில் விரிசல் என்றால் எண்ணாத காற்று உள்ளே வரும், கலவை மெலியும். டர்போவுக்கு அப்புறம் லீக் என்றால் எண்ணிய காற்று பூஸ்டில் வெளியே போகும், கலவை கெட்டியாகி கரும்புகை தெரியும். டர்போ வாயில் மூடி போட்டு 15 பிஎஸ்ஐ ஏற்றி சோப்பு நீர் அடித்தால் இரண்டாவது வகை அகப்படும். அதற்கு முன் கிராங்க்கேஸ் மூச்சுக் குழாய்களை அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அழுத்தம் ஆயில் சீல்களுக்குப் போகும்.

எதை வாங்கும் முன்பும் கம்ப்ரஷன், லீக்டவுன் சோதனை (சிலிண்டர் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறதா என்று பார்ப்பவை) இரண்டும் செய்யுங்கள். ஈஜே257-இன் வார்ப்புப் பிஸ்டனில் ரிங் நிற்கும் விளிம்பு பலவீனம், நான்காம் சிலிண்டரில் அடிக்கடி உடையும். உடையத் தொடங்கிய என்ஜினுக்கு டவுன்பைப் போட்டுப் பயனில்லை.

புதுக்ளட்ச்:

அண்ணா, லாகில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? என்னிடம் இருப்பது எஸ்டிஐ இல்லை, 2018 டபிள்யூஆர்எக்ஸ். அதற்கும் இதே வரிசைதானா?

வேஸ்ட்கேட்_வேலு:

தம்பி, உங்களுடையது எஃப்ஏ20, 2 லிட்டர், நேரடி ஊசி, 268 ஹெச்பி. டர்போ என்ஜினுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும். டவுன்பைப்பை அங்கே ஜே-பைப் என்பார்கள், கேட் அதற்குள்தான். வரிசை அதேதான்: ஜே-பைப்பும் ட்யூனும் முதலில். மாஃப் விதியும் மாறாது.

லாக் எடுக்க டைனோவோ மூடிய பாதையோ போதும். என்ஜின் சூடேறிய பின், நான்காம் கியரில் 2500 முதல் 6500 வரை ஒரே மிதி. ஆர்பிஎம், பூஸ்ட், பூஸ்ட் இலக்கு, வேஸ்ட்கேட் டியூட்டி, கலவை, மாஃப் வோல்ட், உள்காற்று வெப்பம், ஃபீட்பேக் நாக் (நாக் கேட்ட கணத்தில் ஈசியூ குறைக்கும் டைமிங்), ஃபைன் நாக் (கற்று நினைவில் வைத்த குறைப்பு), டேம் (டைமிங்கில் ஈசியூவுக்கு உள்ள நம்பிக்கை எண், முழு அளவு 1) இவை போதும். நாக் வந்தால் டைமிங் 1.4 டிகிரிப் படிகளாகக் கழியும். மிதித்த கணத்தில் ஒரு தடவை -1.4 வந்து மறைந்தால் பெரும்பாலும் உண்மையான நாக் இல்லை, வேறு சத்தம்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே ஆர்பிஎம்மில் -2.8 வந்தால் ட்யூனருக்கு அனுப்புங்கள். டேம் 1-க்குக் கீழே இறங்கினால் காலை எடுத்துவிட வேண்டும், முதலில் பெட்ரோலைச் சந்தேகியுங்கள். 93 ஆக்டேனுக்குச் செய்த ட்யூனில் 91 ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இதுதான் நடக்கிறது.

பி0420 (கேட் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு) விளக்கு எரிந்தால் பின் சென்சாரை ஏமாற்ற இடைத்துண்டு எதுவும் வாங்காதீர்கள். கேட் வேலை செய்கிறதா, முன் ஃபிளேஞ்சில் லீக் இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அது நின்றால் லீக்தான்.