வடையை மாற்றலாம், காக்காவை மாற்றக் கூடாது

பொம்மலாட்டம், மதுரை:
பாட்டி வடை சுட்ட கதையைப் பிள்ளைகளுக்கு மாற்றிச் சொல்லும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது? ஈசாப்பின் கிரேக்க உரைநடையில் காக்கா வாயில் இருப்பது இறைச்சித் துண்டு. லத்தீனில் ஃபீட்ரஸும், 1668இல் பிரெஞ்சில் லா ஃபொந்தேனும் பாலாடைக்கட்டி என்றார்கள். நம் ஊரில் வடை. தின்பண்டம் எதுவானாலும் கதை நிற்கும். பறவையை மாற்றினால்தான் கவிழும். குயிலை வைத்துச் சொன்னால் நரி புகழ்வது பொய்யே இல்லையே!

கையால் நடித்துக் காட்ட, கட்டைவிரலையும் மற்ற நாலு விரலையும் சேர்த்தால் அலகு. அட்டையில் 5 செ.மீ. வட்டம் வெட்டி, நடுவில் விரல் நுழையும் ஓட்டை போடுங்கள். மெல்லிய காகிதம் வேண்டாம், மிதந்து எங்கேயோ போய் விழும். பிள்ளைகளின் கண்ணும் கூடவே போய்விடும். பின்பக்கம் சட்டைப் பொத்தான் ஒன்று ஒட்டினால் நேரே விழும். ‘கா’ என்று சொல்ல விரலை விரித்தாக வேண்டும், வடை தானாக விழும். அந்த இடத்தில் ‘வடை விழுந்துவிட்டது’ என்று வாயைத் திறந்து சொல்லிக் கெடுக்காதீர்கள்.

வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு பாடும் முடிவு என்றால், முதலில் இடது ஆள்காட்டி விரலை ஓட்டையில் விட வேண்டும், பிறகுதான் அலகைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் பழைய முடிவுதான்.

எல்லைக்காரர், நாகர்கோவில்:
இங்கே பாதி வீடுகளில் மலையாளப் பாட்டும் ஓடும். ‘அய்யப்பன்றெ அம்ம நெய்யப்பம் சுட்டு, காக்க கொத்திக் கடலிலிட்டு’. அதில் நரியே வராது. நெய்யப்பத்தில் ஓட்டையும் கிடையாது, அதனால் மேலே சொன்ன விரல் வித்தை உளுந்து வடைக்கு மட்டும்தான். ஆமவடைக்காரர்களும் பழைய முடிவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சந்தக்காரி, திருவாரூர்:
கதையில் காக்கா எப்படியோ, பாட்டில் மோனை அப்படி. ‘நிலா நிலா ஓடி வா, நில்லாமல் ஓடி வா, மலை மீது ஏறி வா, மல்லிகைப் பூ கொண்டு வா’. நி-நி, ம-ம. பிள்ளைகள் அடுத்த அடியைப் பிடிப்பதே இந்த முதலெழுத்தை வைத்துத்தான். எங்கள் பக்கம் மலை ஏது என்று ‘வயல் மீது ஏறி வா’ என மாற்றிவிட்டு மல்லிகையை அப்படியே விட்டால், மூன்றாவது அடியோடு வகுப்பே நின்றுவிடும். இடத்தை மாற்றினால் பூவையும் மாற்றுங்கள்: ‘கடல் மீது தாவி வா, கனகாம்பரம் கொண்டு வா’.

நீளமும் பார்க்க வேண்டும். மல்-லிகைப்-பூ, மூன்று அசை. ‘செம்பருத்திப் பூ’ நாலு அசை, கைதட்டல் இடிக்கும். ‘பூ’வை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்: ‘செம்மண் மேட்டில் ஏறி வா, செம்பருத்தி கொண்டு வா’. கடைசி ‘வா’வை நீட்டி ஒரு முழுத் தட்டு கொடுங்கள். அதை அவசரமாக விழுங்கினால் மூச்சு வாங்க இடமில்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

தெலுங்கிலும் நிலா மலையேறித்தான் பூ கொண்டு வருகிறது: ‘கொண்டெக்கி ராவே, கோகுபூலு தேவே’. கோகு என்பது புளிச்சக்கீரை இனத்துச் செடி. அங்கும் ‘கொ’வுக்கு ‘கோ’ பொருந்தி நிற்பதைக் கேளுங்கள்.

பழங்கதைப் பிரியர், காஞ்சிபுரம்:
புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் 294ஆவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் காக்கா நாவல் மரத்தில் உட்கார்ந்து பழம் தின்கிறது. நரி குரலைப் புகழ்கிறது, காக்காவும் பதிலுக்கு நரியைப் புகழ்ந்து கிளையை உலுக்கிப் பழம் உதிர்க்கிறது. ஏமாந்தவர் யாரும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மர தேவதைதான் இரண்டையும் விரட்டுகிறது. 295இல் ஆள் மாறும்: நரி செத்த மாட்டைத் தின்னும், காக்கா புகழும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லலாம், ஆனால் எட்டு வயதுக்கு மேல். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் குழப்பம்தான் மிஞ்சும்.

பொம்மலாட்டம், மதுரை:
நல்லது. வடைக் கதையில் இன்னொன்று: பாட்டியை நுழைத்ததால் நம் காக்கா திருடனாகவும் ஆகிவிட்டது. ‘பாட்டிக்கு யார் காசு கொடுப்பாங்க?’ என்று கட்டாயம் ஒரு குரல் வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி தானே கொடுத்த வடை என்று ஆரம்பத்திலேயே மாற்றிவிடுவது சுலபம், ஆனால் அப்புறம் காக்கா மரத்துக்கு ஓடி ஒளிய வேண்டிய காரணம் போய்விடும். கேட்ட பிள்ளையையே பாட்டியாக எழுப்பி நிறுத்தி, நரியிடம் கணக்குக் கேட்க விடுங்கள்.