மறுமொழி: கால்சியக் கால்வாயா, மதகா?

> பூனைகளின் உயர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஆம்லோடிபின் வகை மருந்தை (ஆங்கிலத்தில் calcium channel blocker) "கால்சியக் கால்வாய் அடைப்பான்" என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா. இரண்டு சொற்களுமே வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் அடைப்பான். கால்நடை மருத்துவம் அறிந்தவர்களுக்கு அடைப்பான் என்றால் ஆந்த்ராக்ஸ். நேற்று மேய்ந்த மாட்டை இன்று சாய்த்துவிடும் நோய். அந்தப் பெயரை மருந்துக்குச் சூட்டினால் சீட்டைப் பார்த்ததுமே மனம் பதறும்.

அடுத்து கால்வாய். அதில் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே நடப்பது வேறு. இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசைச் செல்லின் சவ்வில் ஒரு புரதம் திறக்கிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, தசை இறுகிக் குழாய் சுருங்குகிறது, புரதம் மூடிக்கொள்கிறது. திறந்து மூடி நீர் விடுவதற்கு நம் ஏரிக்கரையில் ஒரு பெயர் இருக்கிறதே: மதகு! ஆம்லோடிபின் அந்த மதகின் வழியாகக் கால்சியம் பாயாமல் தடுக்கிறது. குழாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆகவே "கால்சிய மதகடைப்பி".

> டெல்மிசார்டனும் இதே பெயருக்குள் வந்துவிடுமே?

வராது. பூனைகளின் உயர் இரத்த அழுத்தத்துக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அந்தக் கரைசல் மதகைத் தொடுவதே இல்லை. குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் வந்து அமர வேண்டிய இடமான ஏற்பியில் தான் முந்தி அமர்ந்துகொள்கிறது. அதற்கு "ஏற்பித் தடுப்பி" போதும்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்கள் பூனைக்கு 14 வயது. ஒரு நாள் காலையில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. விழித்திரை விலகியிருந்தது, 160ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய அழுத்தம் 200க்கு மேல் இருந்தது. சிறுநீரகம் பழுதான முதிய பூனைகளுக்கு இது அடிக்கடி வருவதுதானாம். 2.5 மில்லிகிராம் ஆம்லோடிபின் மாத்திரையை நான்காக வெட்டி நாளுக்கு ஒரு துண்டு கொடுக்கச் சொன்னார் மருத்துவர். "இத்துணூண்டு மாத்திரை என்னப்பா செய்யும்?" என்று அம்மா கேட்டார். கால்வாய் என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். மதகு என்றிருந்தால், வயலுக்கு நீர் பாய்ச்சி வளர்ந்த அவருக்கு மேற்கொண்டு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

"அடைப்பி" என்பதும் அடைப்பானை நினைவூட்டுகிறது என்று தோன்றினால் "மதகுத் தடுப்பி"க்கும் உடன்படுகிறேன். மதகை மட்டும் விட்டுவிட வேண்டாம்.